கனத்த சுவர் வீட்டில் வை-ஃபை: மெஷ் பெட்டியை எங்கே வைப்பது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, பைபர் இணைப்பும் பெற்ற வாசகர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "ரௌட்டர் இருக்கும் அறையில் இன்டர்நெட் நன்றாக வருகிறது. இரண்டு அறை தள்ளிப் போனால் எதுவும் வருவதில்லை. என்ன செய்வது?"

திருநெல்வேலி டவுன், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி போன்ற தாமிரபரணிக் கரை ஊர்களின் பழைய வீடுகளில் இந்தத் தொல்லை அதிகம். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு, ஒன்றரை அடி கனத்தில் எழுப்பிய சுவர்கள். கோடையில் வீட்டைக் குளிர்ச்சியாக வைக்கும் அதே சுவர்தான் வை-ஃபை சிக்னலையும் தடுக்கிறது.

சுவர் என்ன செய்கிறது?

சிக்னல் குறைவதை டெசிபல் என்ற அளவில் கணக்கிடுகிறார்கள். 10 டெசிபல் குறைந்தால் சிக்னலில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். ஒரு சுவர் 10 டெசிபல் எடுத்துக்கொண்டால், அதேபோன்ற இரண்டாவது சுவரைத் தாண்டும்போது நூறில் ஒரு பங்கு. மூன்றாவதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வை-ஃபையில் பரவலாகப் பயன்படும் அலைவரிசைகள் இரண்டு. 2.4 கிகா ஹெர்ட்ஸ் வேகம் குறைந்தது. ஆனால் சுவரை ஓரளவு தாண்டும். 5 கிகா ஹெர்ட்ஸ் வேகமானது. கனத்த சுவரிடம் சீக்கிரம் தோற்றுவிடும்.

தூரத்தைவிடத் தடைதான் பெரிய எதிரி. 2000-களின் நடுவில், தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுப்புறக் கிராமங்களின் கண் பரிசோதனை மையங்களுடன் வை-ஃபை மூலமே இணைத்தார்கள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமைத்துத் தந்த ஏற்பாடு அது. உயரமான கோபுரம், ஒரே திசையில் அனுப்பும் ஆன்டெனா, நடுவில் தடையில்லாத வெளி. பல கிலோமீட்டர் தாண்டி டாக்டரும் நோயாளியும் வீடியோவில் பேசினார்கள்.

மெஷ் என்றால் என்ன?

ஒரே ரௌட்டருக்குப் பதிலாக இரண்டு, மூன்று பெட்டிகளை வீட்டில் ஆங்காங்கே வைப்பதுதான் மெஷ். முதல் பெட்டி பைபர் இணைப்புடன் சேரும். மற்றவை அதனிடமிருந்து வாங்கிப் பரப்பும். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். நீங்கள் நடந்து செல்லும்போது போன் தானாகவே அடுத்த பெட்டிக்கு மாறிக்கொள்ளும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்வதும் அதே வை-ஃபையில்தான். உங்கள் போனைத் தடுக்கும் சுவர் இரண்டாவது பெட்டியையும் தடுக்கும்.

கல்லிடைக்குறிச்சியில் என் பெரியம்மா வீட்டில் இதை நேரில் பார்த்தேன். திண்ணை, ரேழி, முற்றத்துடன் கூடம், அதற்குப் பின் இரண்டாம் கட்டு என்று நீளும் வீடு. பைபர் பெட்டி ரேழியில். இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்த பெரியம்மா இரண்டாம் கட்டு அறையில் படுத்திருந்தார். பிசியோதெரபி பயிற்சியை வீடியோவில் பார்த்துச் செய்ய வேண்டும். காலை எவ்வளவு தூக்கலாம் என்று சொல்லும் நேரத்தில் படம் உறைந்து நின்றுவிடும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் கார் வைத்துப் பாளையங்கோட்டைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அந்த வலியில் அது முடிகிற காரியமில்லை.

அண்ணன் மெஷ் வாங்கி, இரண்டாவது பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். போனில் சிக்னல் கோடுகள் முழுமையாகத் தெரிந்தன. வீடியோ மட்டும் நின்று நின்று வந்தது. காரணம், அந்தக் கோடுகள் காட்டுவது போனுக்கும் பக்கத்துப் பெட்டிக்கும் உள்ள தொடர்பை. அந்தப் பெட்டிக்கும் ரேழிக்கும் உள்ள தொடர்பை அவை காட்டுவதில்லை.

பெட்டியை எடுத்து முற்றத்துத் தாழ்வாரத்தில், மழைச் சாரல் படாத மரப்பலகை மீது வைத்தேன். அங்கிருந்து பார்த்தால் ரேழி வாசல் நேராகத் தெரியும். மறுபக்கம் இரண்டாம் கட்டு வாசலும் தெரியும். கட்டிலருகே ஒரு கோடு குறைந்தது, படம் நிற்கவில்லை. இவ்வகை வீடுகளில் தெருவாசலிலிருந்து கொல்லை வரை வாசல்கள் ஒரே நேரில் இருக்கும். காற்றுக்காக விட்ட அந்த வழிதான் சிக்னலுக்கும் நல்ல வழி.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. முதலில் கம்ப்யூட்டரை ரௌட்டருடன் கேபிள் மூலம் இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். அங்கேயே குறைவு என்றால் கோளாறு வை-ஃபையில் இல்லை.

2. ஆண்ட்ராய்ட் போனில் வை-ஃபை அனலைசர் வகை அப்ளிகேஷன் ஒன்றைப் போட்டு, அறை அறையாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எண் மைனஸில் இருக்கும். மைனஸ் 67 அல்லது பூஜ்யத்துக்கு இன்னும் நெருக்கம் என்றால் வீடியோவுக்கு நல்லது. மைனஸ் 80-ஐ ஒட்டினால் நம்ப முடியாது.

3. இரண்டாவது பெட்டியைச் சிக்னல் கிடைக்காத அறையில் வைக்காதீர்கள். சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழியில், வாசல்களின் நேர்கோட்டில் வையுங்கள்.

4. இரும்பு பீரோ, டிவியின் பின்புறம், நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி அருகே வேண்டாம். இடுப்புக்கு மேலான உயரம் நல்லது.

5. முடிந்தால் பெட்டிகளை லேன் கேபிளால் இணையுங்கள். கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை போகும். அப்போது இரண்டாவது பெட்டியைத் தேவையான அறையிலேயே வைக்கலாம். பழைய சுண்ணாம்புச் சுவரைத் துளைக்க வேண்டியதில்லை. நிலைக்கு மேலும் உத்தர ஓரத்திலும் கேபிளைக் கொண்டு செல்லலாம்.

6. கொல்லையில் தனிக் கட்டடம் இருந்தால் அதற்குச் செம்புக் கம்பியுள்ள லேன் கேபிளை வெளியே இழுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் இரு பக்கச் சாதனங்களும் கருகலாம். அங்கே பைபர் கேபிள் போடுவதே பாதுகாப்பு. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது.

7. இணைப்பு நிறுவனம் தந்த ரௌட்டரின் வை-ஃபையை நிறுத்திவிடுங்கள். இல்லையெனில் போன் பழைய சிக்னலையே பிடித்துக்கொண்டிருக்கும்.

8. மின்சாரம் போனால் எல்லாப் பெட்டிகளும் இயங்க வேண்டும். பைபர் பெட்டிக்கும் ஒவ்வொரு மெஷ் பெட்டிக்கும் யுபிஎஸ் வசதி உள்ளதா என்று பாருங்கள்.

வாங்கும்போது:

கேபிள் போட முடியாத வீடு என்றால் மூன்று அலைத்தொகுதி கொண்ட டிரை-பேண்ட் மெஷ் நல்லது. அதில் ஒரு தொகுதியைப் பெட்டிகள் தமக்குள் பேசவே ஒதுக்க முடியும். கேபிள் போட்டால் விலை குறைந்த டூயல்-பேண்ட் போதும். வை-ஃபை 7 சாதனங்களுக்கு 2024-இல் சான்றிதழ் தரத் தொடங்கிவிட்டார்கள் என்றாலும், பெரும்பாலான வீட்டு வேலைகளுக்கு வை-ஃபை 6 தாராளம். புதிய தரம் வந்தாலும் சுவர் மெலிவதில்லை.

கடைக்குப் போகுமுன் வீட்டின் படத்தை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு அறையிலும் நீங்கள் அளந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை பெட்டி தேவை என்பதை அந்தத் தாளே சொல்லும். பல வீடுகளுக்கு இரண்டு போதும். மூன்றாவதை, அளந்து பார்த்துத் தேவைப்பட்டால் பின்னர் வாங்கிக்கொள்ளலாம்.