குறைமாத குழந்தைக்கு 'காபி' மருந்து: எப்போது ஆரம்பிக்க வேண்டும்?

"பச்சப் புள்ளைக்குப் போய் காபி மருந்தா?" - குறைமாத குழந்தையை கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கும் வார்டு வாசலில் பாட்டிமார்கள் பதறிப்போய் கேட்கும் கேள்வி இது.

கொடுப்பது காபி அல்ல. காபியில் இருக்கும் கபீன் என்ற பொருளை மருந்தாக்கி (கபீன் சிட்ரேட்) ஊசியாகவோ, சொட்டு மருந்தாகவோ தருகிறார்கள்.

மூச்சை மறக்கும் குழந்தை

'மூச்சு விடு' என்று உத்தரவு போடும் மூளைப் பகுதி இந்த குழந்தைகளுக்கு முழுசாக வளர்ந்திருக்காது. தூக்கத்தில் திடீரென மூச்சு நின்றுவிடும். 20 வினாடிக்கு மேல் நின்றாலோ, அதற்குள்ளேயே இதயத் துடிப்பு இறங்கினாலோ ஆபத்து. 28 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தைகளில் அநேகமாக எல்லோருக்கும் இது வரும். நர்ஸ் ஓடிவந்து பாதத்தில் தட்டினால் மறுபடி மூச்சு வரும். ராத்திரி முழுக்க எத்தனை தடவை தட்டுவது? கபீன் அந்த மூளைப் பகுதியை உசுப்பிவிடுகிறது.

முதலில் கிலோ எடைக்கு 20 மில்லிகிராம். பிறகு தினமும் 5 முதல் 10 வரை. ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். பெரியவர்கள் குடித்த காபியின் வேகம் சுமார் 5 மணி நேரத்தில் பாதியாகும். இந்த சிசுக்களுக்கு அதற்கே 3, 4 நாள் ஆகும்.

1,250 கிராமுக்கு உட்பட்ட 2,006 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு, பொருத்தமாக 2006-ல்தான் வெளியானது. நீடித்த நுரையீரல் பாதிப்பு மருந்து பெறாதவர்களில் 47 சதவீதம், பெற்றவர்களில் 36 சதவீதம். மூளை பாதிப்பால் கை, கால் முடங்குவதும் 7.3-ல் இருந்து 4.4 சதவீதமாக குறைந்தது 2007-ல் தெரியவந்தது.

எப்போது?

இங்கேதான் டாக்டர்களுக்குள்ளேயே விவாதம். அந்த ஆய்வில் முதல் 10 நாட்களுக்குள் மருந்து தொடங்கினார்கள். 3 நாளுக்குள் தொடங்கியவர்கள் மூச்சுக் கருவியில் இருந்து இன்னும் சீக்கிரம் விடுபட்டது பிறகு தெரிந்தது. அதனால் ரொம்ப முன்கூட்டியே பிறந்து, தானாக மூச்சு விடும் குழந்தைக்கு முதல் நாளிலேயே கூட தொடங்கிவிடுகிறார்கள்.

வென்டிலேட்டர் குழாய் போட்ட குழந்தை விஷயம் வேறு. 2018-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், முதல் 5 நாளுக்குள் கொடுத்தும் குழாயை சீக்கிரம் எடுக்க முடியவில்லை. மருந்து பெற்றவர்களில் இறப்பும் சற்று கூடுதலாக தெரிந்ததால், தற்செயலாக இருக்கலாம் என்றாலும், ஆய்வை பாதியில் நிறுத்தினார்கள். இதனால் குழாய் எடுக்கப்போகும் நேரம் வரை காத்திருக்கும் டாக்டர்களும் உண்டு. "பக்கத்து பெட்டி பாப்பாவுக்கு குடுத்தாங்க, எங்களுக்கு ஏன் குடுக்கல?" என்ற சண்டைக்கு பெரும்பாலும் இதுதான் பதில்.

மூச்சு நிற்கும் குழந்தைக்கும், குழாய் எடுக்கும்போதும் கொடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் (2022). மூச்சு நிற்காமல் இருக்க முன்கூட்டியே கொடுப்பதை 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு மட்டும் பரிசீலிக்கலாம் என்கிறது.

மருந்தால் இதயம் படபடக்கலாம். முதல் சில வாரம் எடை கொஞ்சம் மெதுவாக ஏறும். காபி நல்லதுதானே என்று வீட்டில் பாலாடையில் டிகாஷன் ஊற்றுவது மட்டும் கூடவே கூடாது.

கர்ப்பக் கணக்குப்படி சுமார் 34 வாரம் ஆனதும் மருந்தை நிறுத்துவார்கள். அப்புறமும் 5 முதல் 7 நாள் வார்டிலேயே வைத்திருப்பார்கள். 'நல்லாத்தானே இருக்கான், அனுப்புங்க' என்று அவசரப்படக் கூடாது. ரத்தத்தில் மிச்சமிருக்கும் மருந்து இறங்கிய பிறகும் குழந்தை தானாக மூச்சு விடுகிறதா என்று பார்க்கத்தான் அந்த நாட்கள்.