உழவு இயந்திரம் இறுகிப் பிடித்தால் செய்யவேண்டியவை

கோடை முழுவதும் கொட்டிலிற் கிடந்த இருசில்லு உழவு இயந்திரத்தைப் புரட்டாதி மாதத்தில் வெளியே எடுத்துக் கைபிடியைப் பொருத்திச் சுழற்ற முற்படும்போது, அது சிறிதும் அசையாது நிற்பதுண்டு. மழை நெருங்கிவிட்டது, விதைநெல் ஆயத்தமாயிருக்கின்றது, அயல் வயல்களில் உழவு தொடங்கிவிட்டது. இவ்வேளையிற் கமக்காரர் பொறுமையிழத்தல் இயல்பே. ஆயின், இறுகிய எஞ்சின் பழுதடைவது பெரும்பாலும் அதனைப் பலவந்தமாகச் சுழற்ற முயல்வதனாலேயே ஆகும்.

வன்னிப் பகுதியிலே ஒரு கமக்காரர், சுழற்றும் கைபிடியில் நீண்ட இரும்புக் குழாயைச் செருகி, இரண்டு ஆட்களைக் கொண்டு உன்னித் திருப்புவித்தார். பிஸ்டன் துருவினால் மாத்திரமே ஒட்டியிருந்தது. உன்னிய வேகத்தில் ரிங்குகள் முறிந்து சிலிண்டரின் சுவரைக் கீறிவிட்டன. சிறிதளவு ஒயிலும் இரண்டு நாட் பொறுமையும் போதியனவாயிருந்த இடத்தில், அவர் புதிய சிலிண்டரும் பிஸ்டனும் வாங்க நேர்ந்தது. அப்போக உழவையும் கூலி இயந்திரத்தைக் கொண்டே செய்வித்தார்.

இங்கு கூறப்படுவன, பேச்சு வழக்கில் ‘லாண்ட்மாஸ்டர்’ எனப்படும் இருசில்லு உழவு இயந்திரங்களிலுள்ள, நீரினாற் குளிர்விக்கப்படும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினுக்கு உரியவை.

முதலிற் சோதிக்கவேண்டியவை

1. கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையேயுள்ள பெல்ட்டுகளைக் கழற்றுக. அதன்பின் எஞ்சின் இலகுவாகச் சுழலுமாயின், குற்றம் எஞ்சினில் அன்று; கியர்ப் பெட்டியில் அல்லது கலப்பைச் சுழல்தண்டில் உள்ளது. தண்டிற் சுற்றிய கம்பியும் கயிறும் இவ்வாறு பிடிப்பதுண்டு.

2. ஒயில் அளவுகோலை எடுத்துப் பார்க்க. ஒயில் பால் கலந்தாற்போல் வெளுத்திருப்பின், உள்ளே நீர் சென்றிருக்கின்றது. சிறிது ஒயிலை வெள்ளைத் துணியில் வடித்து வெயிலிற் பார்க்குமிடத்து உலோகத் துகள்கள் மினுங்குமாயின், பெயரிங் தேய்ந்து பிடித்திருத்தல் கூடும். இவ்விரண்டில் எதுவாயினும் மேற்கொண்டு சுழற்றாது திருத்துநரை அழைப்பித்தல் வேண்டும்.

3. எஞ்சின் வேலைசெய்துகொண்டிருந்தபோது நின்றதா, அன்றிக் கிடந்தபோது இறுகியதா என்பதை நினைவுகூர்க. செய்யவேண்டிய மருந்து இதனைப் பொறுத்தது.

வேலைசெய்யும்போது இறுகினால்

நீரேனும் ஒயிலேனும் குறைந்தால் எஞ்சின் மிகச் சூடேறும். பிஸ்டன் அலுமினியக் கலப்பு உலோகத்தாலானது, சிலிண்டர் வார்ப்பிரும்பாலானது. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பிலும் அதிகமாக விரிவதனால், பிஸ்டன் சிலிண்டரின் சுவரை இறுகப் பற்றிக்கொள்கின்றது. அவ்வேளையிற் குளிர்ந்த நீரை ஊற்றுதல் ஆகாது. சூடான வார்ப்பிரும்பு வெடித்துவிடும். கொதிநீர் மேலே பாயுமாதலால் நீர்த்தொட்டியின் மூடியையும் உடனே திறக்கலாகாது. நிழலில் விட்டுத் தானாகவே ஆறவிடுக. ஆறியபின் எஞ்சின் சுழலினும், உடனே வயலில் இறக்குதல் தவறு. சுவரில் அலுமினியம் ஒட்டியிருக்கலாம், ரிங்குகளும் பழுதுற்றிருக்கலாம். திருத்துநர் சோதித்த பின்னரே உழவுக்கு எடுக்கவேண்டும்.

கிடந்தபோது இறுகினால்

எஞ்சினை நிறுத்தும்போது வால்வு திறந்த நிலையில் நின்றிருப்பின், ஈரக்காற்றும் மழைநீரும் புகைக்குழாய் வழியாக உட்சென்று துருவை உண்டாக்கும். இதனைப் பின்வருமாறு இளக்கலாம்.

முதலில் தொட்டியிலுள்ள நீரை வடித்துவிட்டு, நொசிலைக் கழற்றுக. துளையினுள் தூசி விழாதபடி சுற்றுப்புறத்தை முன்னரே துடைத்துக்கொள்க. டீசலும் எஞ்சின் ஒயிலும் சமபங்காகக் கலந்த கலவையைத் துளைவழியே சிறிது சிறிதாக ஊற்றுக. சிலிண்டர் படுகிடையாக இருப்பதனாற் கலவை கீழ்ப்புறத்திலேயே தங்கும்; ஆதலால் சிலிண்டரின் தலைப்புறம் உயர்ந்திருக்குமாறு கட்டை கொடுத்து இயந்திரத்தைச் சாய்த்து வைத்தல் நன்று. ஓர் இரவும் ஒரு பகலும் ஊறவிடுக.

பின்னர் பிளைவீலைக் கையாற் பிடித்து, முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டுக. மயிரிழையளவு அசையினும் அது நற்குறியே. மேலும் கலவையூற்றி, காலையும் மாலையும் ஆட்டிவருக. துளைவழியே இரும்புக் கோலைச் செருகிப் பிஸ்டனில் அடிப்பது ஒருபோதும் கூடாது. மூன்று நான்கு நாட்களாகியும் அசைவில்லையாயின், தலைப்பகுதியைக் கழற்றிப் பார்ப்பதே வழி.

எஞ்சின் சுழலத் தொடங்கியதும், நொசிலைப் பூட்டுமுன் பல தடவை கையாற் சுழற்றி, உள்ளிருக்கும் கலவையை வெளியேற்றுதல் இன்றியமையாதது. திரவம் அமுங்காது. அது உள்ளே தங்கியிருக்க எஞ்சினை இயக்கினால், பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். கலவை துளைவழியே வேகமாகப் பீறிடும். ஆகையால் முகத்தை எதிரே வைக்கலாகாது. பழைய ஒயிலில் டீசல் கலந்திருக்குமாதலால் அதனை முற்றாக வடித்துப் புதிய ஒயில் ஊற்றுக. நீர் நிரப்பி, பெல்ட் பூட்டாமலே கால்மணி நேரம் மெதுவாக ஓடவிடுக. தட்டும் ஓசை கேட்பினும், நீலப்புகை தொடர்ந்து வரினும் நிறுத்திவிடுக.

மீண்டும் இறுகாதிருக்க

போகம் முடிந்து இயந்திரத்தை நிறுத்துமுன் ஒயிலை மாற்றி, சில நிமிடம் ஓடவிட்டு, நீரை வடிக்கவேண்டும். பின்பு கையாற் சுழற்றி, அமுக்கத்தினாற் கைபிடி கனக்கும் இடத்தில் நிறுத்துக. அந்நிலையில் இரு வால்வுகளும் மூடியிருக்கும். புகைக்குழாயின் வாயை ஒரு தகரப் பேணியால் மூடுக. இரு வாரத்துக்கு ஒருமுறை சிலதடவை சுழற்றி, மீண்டும் அவ்விடத்திலேயே நிறுத்துக.

உழவுக் காலத்திலோ, ஒவ்வொரு நாட் காலையிலும் இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி ஒயிலையும் நீரையும் பார்த்தல் வேண்டும். இதற்குச் செல்லும் நேரம் இரண்டு நிமிடமே. அதனைத் தவறவிட்டவர் மழையீரம் காயுமுன் விதைக்கும் வாய்ப்பையே இழக்க நேரலாம்.