எந்தக் குற்றத்துக்கு, எத்தனை நாளுக்கு?

2021 ஜனவரி 8 அன்று டொனால்ட் ட்ரம்ப் ட்விட்டரில் எழுதிய கடைசி இரண்டு பதிவுகளை இன்று எடுத்துப் படித்தால் வியப்பாக இருக்கும். தனக்கு வாக்களித்த 7.5 கோடி அமெரிக்கர்களின் குரல் இனியும் ஓங்கி ஒலிக்கும், அவர்களை யாரும் அவமதிக்க முடியாது என்கிறது ஒன்று. ஜனவரி 20 அன்று நடக்கும் பதவியேற்பு விழாவுக்குப் போகப்போவதில்லை என்கிறது மற்றொன்று. இரண்டிலும் வசை இல்லை, கிளம்பி வாருங்கள் என்ற அழைப்பும் இல்லை. இந்த இரண்டையும் காட்டித்தான், 8.8 கோடிப் பேர் பின்தொடர்ந்த அந்தக் கணக்கை ட்விட்டர் நிரந்தரமாக முடக்கியது. விழாவுக்கு வரமாட்டேன் என்பதை, ‘நான் அங்கே இல்லை, ஆகவே தாக்கலாம்’ என்று வன்முறைக்குத் தயாராக இருப்பவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடும் என்பது நிறுவனம் அன்றே வெளியிட்ட விளக்கங்களில் ஒன்று.

அந்த அச்சம் வீண் என்று சொல்லமாட்டேன். இரண்டு நாளுக்கு முன்புதான், தேர்தல் முடிவை உறுதிசெய்ய நாடாளுமன்றம் கூடியிருந்த நேரத்தில், அவருடைய ஆதரவாளர்கள் கேபிடல் கட்டடத்துக்குள் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு புகுந்திருந்தார்கள். வெற்றி திருடப்பட்டுவிட்டது என்ற பொய்யை வாரக்கணக்கில் அந்தக் கணக்கிலிருந்தே அவர் பரப்பியிருந்தார். ஆனால் ஏழு மாதம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். 2020 மே மாத இறுதியில், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையை எதிர்த்து மினியாபொலிஸ் நகரம் கொந்தளித்துக்கொண்டிருந்தது. கொள்ளை தொடங்கினால் துப்பாக்கிச் சூடும் தொடங்கும் என்ற பொருளில் ட்ரம்ப் எழுதினார். எழுதியவர் ராணுவத்துக்கே உத்தரவிடும் அதிகாரம் படைத்தவர். ட்விட்டர் அந்தப் பதிவின்மேல் ஓர் எச்சரிக்கை வாசகத்தைப் போட்டு மறைத்தது. பொதுநலன் கருதி, விரும்பியவர்கள் திறந்து படிக்க விட்டுவைத்தது. ஃபேஸ்புக் தொடவே இல்லை. சொற்களை மட்டும் தராசில் வைத்தால் மே மாதப் பதிவுதான் கனமானது. இடையில் கேபிடல் தாக்குதல் நடந்துவிட்டது என்பது உண்மை. அவருடைய பதவிக்காலத்தில் 12 நாள்தான் பாக்கி என்பதும் அதே அளவு உண்மை.

அரசியல் தலைவர்களின் பதிவுகளை எந்தத் தளமும் தொடவே கூடாது என்று வாதிடுவது என் நோக்கமில்லை. சாதாரணக் குடிமகன் எழுதினால் நீக்கப்படும் மிரட்டலைத் தலைவர் எழுதினாலும் நீக்கத்தான் வேண்டும். அவர் சொல்லுக்கு ஆள் கிளம்பும் என்பதால் இன்னும் விரைவாக நீக்க வேண்டும். ஆனால் எந்தப் பதிவு எந்த விதியை மீறியது, தண்டனை எத்தனை நாளுக்கு, மேல்முறையீடு யாரிடம் என்ற மூன்றையும் முன்கூட்டியே எழுதிவைக்காத தண்டனையை நான் ஏற்கவில்லை. இவை எழுதப்படாத இடத்தில், தண்டிப்பவரின் கண் பேச்சைவிட்டு நாற்காலிக்குப் போய்விடுகிறது. கடந்த சில ஆண்டுகளின் நிகழ்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது தெரியும்.

ஃபேஸ்புக் விவகாரத்தைச் சற்று விரிவாகவே பார்க்கலாம், ஏனென்றால் அங்குதான் ஆவணங்கள் இருக்கின்றன. கலவரத்துக்கு மறுநாள், ட்ரம்ப்பைக் காலவரையறையின்றி நிறுத்திவைப்பதாக மார்க் ஸக்கர்பெர்க் அறிவித்தார். ஃபேஸ்புக்கே பணம் போட்டு உருவாக்கிய, ஆனால் தனித்து இயங்கும் மேற்பார்வை வாரியத்திடம் இந்த முடிவு போயிற்று. 2021 மே 5 அன்று வந்த தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டியது. கலவரம் நடந்துகொண்டிருந்தபோது தாக்கியவர்களைப் புகழ்ந்து அவர் போட்ட பதிவுகள் விதிமீறல்தான், கணக்கை நிறுத்தியதும் சரிதான் என்றது வாரியம். அதே மூச்சில், ‘காலவரையறையின்றி’ என்ற தண்டனை நிறுவனத்தின் சொந்த விதிகளிலேயே கிடையாது; இல்லாத தண்டனையைக் கொடுத்துவிட்டு, பொறுப்பை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறீர்கள் என்றும் சொன்னது. ஆறு மாதத்துக்குள் முறையான முடிவெடுக்கும்படி திருப்பி அனுப்பியது. நிறுவனம் ஜூன் மாதம் உட்கார்ந்து புதிய தண்டனைப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, அதில் உச்சபட்சமான இரண்டு ஆண்டை அவருக்கு விதித்தது. குற்றம் நடந்து ஐந்து மாதம் கழித்துச் சட்டம் பிறந்தது.

அந்தத் தீர்ப்பில் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. விசாரணையின்போது வாரியம் ஃபேஸ்புக்கிடம் 46 கேள்விகள் கேட்டது. ஏழு கேள்விகளுக்கு நிறுவனம் பதில் சொல்லவே மறுத்தது. ட்ரம்ப்பின் பதிவுகள் எத்தனை பேரின் கண்ணில் பட்டன என்பதில் நிறுவனத்தின் செய்தியோடைக்கும் பிற வசதிகளுக்கும் என்ன பங்கு என்பது அவற்றில் ஒன்று. என் வாதத்தின் மையமே இந்த இடம்தான். கோபமூட்டும் பேச்சை இன்னும் பல பேரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் இயந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் விளம்பரக் காசு வருகிறது. பேசியவரை ஒருநாள் வெளியேற்றிவிட்டால் மொத்தப் பழியும் அவரோடு வாசலைத் தாண்டிவிடும், இயந்திரம் உள்ளேயே இருக்கும். ஆளை முடக்குவது நிறுவனத்துக்கு மலிவான பரிகாரம்.

கம்போடியாவுக்குப் போவோம். 2023 ஜனவரியில் பிரதமர் ஹுன் சென், எதிர்க்கட்சியினரைச் சட்டத்தாலோ தடியாலோ கவனிக்க வேண்டியிருக்கும் என்று பேசிய காணொளி அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தில் நேரலையாக வந்தது. செய்தி மதிப்பு இருக்கிறது என்று சொல்லி நிறுவனம் அதை விட்டுவைத்தது. ஜூன் இறுதியில் மேற்பார்வை வாரியம் அந்தக் காணொளியை நீக்க உத்தரவிட்டு, கணக்கை ஆறு மாதம் நிறுத்திவைக்கவும் பரிந்துரைத்தது. கம்போடிய அரசு வாரியத்தைச் சேர்ந்த 22 பேர் நாட்டுக்குள் நுழையத் தடை போட்டது. காணொளியை நீக்கிய நிறுவனம், கணக்கை நிறுத்த மட்டும் ஆகஸ்டில் மறுத்துவிட்டது. மியான்மரில் ராணுவத் தளபதி மின் ஆங் ஹ்லைங்கின் பக்கத்தை நீக்கியது 2018 ஆகஸ்டில். அதற்குள் 7 லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியாக்கள் உயிர் தப்பி வங்கதேசத்துக்குள் போய்ச் சேர்ந்திருந்தார்கள்; தாமதமாகிவிட்டது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. பதவி முடியப்போகும் ஒருவருக்கு ஒரே நாளில் தீர்ப்பு, ஆட்சியில் உறுதியாக அமர்ந்திருப்பவருக்குப் பொறுமை. ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு.

இது தனியார் நிறுவனம், தன் திண்ணையில் யாரை உட்காரவைப்பது என்பது அதன் விருப்பம் என்று சொல்பவர்கள் உண்டு. சட்டப்படி அவர்கள் சொல்வது சரி. அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது. ஆனால் ட்ரம்ப் தன்னை விமர்சித்த குடிமக்களைத் தன் ட்விட்டர் கணக்கிலிருந்து தடுத்தபோது, அது பொது மன்றம், யாரையும் வெளியேற்ற உங்களுக்கு உரிமையில்லை என்று 2018-லும் 2019-லும் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. சில பேரைக்கூட ஜனாதிபதி வெளியேற்ற முடியாத அந்த மன்றத்தை, ஒரு நிறுவனம் ஒரே மாலையில் இழுத்து மூடிவிட்டது. உச்ச நீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் 2021 ஏப்ரலில் இந்த முரண்பாட்டைத்தான் சுட்டிக்காட்டினார். இழப்பு ட்ரம்ப்புக்கு மட்டுமில்லை. ஓர் ஆட்சியாளர் நான்கு ஆண்டு என்ன சொன்னார் என்று நேராகப் போய்ப் படிக்கும் வாய்ப்பை, அவரை வெறுத்தவர்களும் சேர்ந்தே இழந்தார்கள். தேசிய ஆவணக் காப்பகம் அந்தப் பதிவுகளைச் சேமித்து வைத்திருக்கிறது. ஆனால் அவற்றைத் தன் தளத்தில் மறுபடி காட்ட அனுமதிக்க முடியாது என்று 2021-ல் ட்விட்டர் சொல்லிவிட்டது. நிறுவனத்தின் உரிமையை நான் பறிக்கச் சொல்லவில்லை. காரணத்தையும் காலத்தையும் எழுத்தில் கொடுக்கச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரி முதல் முழு அமலில் இருக்கிறது. பதிவை நீக்கினால் காரணம் சொல், முறையிட வழி வை என்று அது தளங்களைப் பொதுவாகக் கட்டாயப்படுத்துகிறது.

தெருவில் ரத்தம் சிந்தும் நேரத்தில் நோட்டீஸ் அனுப்பி விளக்கம் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா என்ற கேள்வி, தனியார் நிறுவனம் என்ற வாதத்தைவிட வலுவானது. முடியாதுதான். நம் நீதிமன்றங்களும் அதற்காகத்தான் இடைக்காலத் தடை வைத்திருக்கின்றன. ஜனவரி 6 அன்று ட்விட்டர் 12 மணி நேரத்துக்கும் ஃபேஸ்புக் 24 மணி நேரத்துக்கும் அந்தக் கணக்கை நிறுத்திவைத்தது அப்படிப்பட்ட நடவடிக்கை. அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. இடைக்காலத் தடையையே இறுதித் தீர்ப்பாக்கிவிட்டதுதான் பிழை. ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் அலெக்ஸி நவல்னி அந்த வாரமே இதைச் சொன்னார். முகம் தெரியாதவர்கள், நடைமுறை தெரியாத வகையில் எடுத்த முடிவு இது. ஒரு குழு அமையுங்கள், யார் எப்படி வாக்களித்தார்கள் என்று தெரியட்டும், மேல்முறையீடு இருக்கட்டும் என்று கேட்டார். தணிக்கை எப்படி இருக்கும் என்பதை உடம்பால் அறிந்தவரின் யோசனை அது.

அப்படியானால் அரசிடமே விட்டுவிடலாமே என்றால், அதில் எனக்கு அச்சம் இன்னும் கூடுதல். அன்றைய ஜெர்மன் அதிபர் ஏஞ்சலா மெர்க்கலின் செய்தித் தொடர்பாளர், பேச்சுரிமைக்கு வரம்பு போடுவது சட்டமியற்றுபவர்களின் வேலை, நிறுவன நிர்வாகிகளின் வேலை இல்லை என்றார். நல்ல வாக்கியம், ஜெர்மனிக்குப் பொருந்தும். நைஜீரியாவில் ஜனாதிபதி புஹாரியின் மிரட்டல் பதிவு ஒன்றை ட்விட்டர் 2021 ஜூனில் நீக்கியதும், அரசு ட்விட்டரையே ஏழு மாதம் நாடு முழுக்க நிறுத்தியது. தமிழ்நாட்டிலும் நடந்தது. 2023 மே இறுதியில் நாம் தமிழர் கட்சித் தலைவர் சீமானின் ட்விட்டர் கணக்கு இந்தியாவுக்குள் திறக்கவில்லை. சட்டபூர்வக் கோரிக்கையின் பேரில் நிறுத்தப்பட்டிருக்கிறது என்ற ஒரு வரி மட்டும் திரையில் நின்றது. எந்தப் பதிவு, எந்தப் பிரிவு, எத்தனை நாள் என்று படிப்பவருக்குத் தெரிய வழியில்லை. அரசியலில் எதிர்ப்பக்கம் நிற்கும் அப்போது முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலினே அதைக் கண்டித்தார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவுப்படி பிறப்பிக்கப்படும் முடக்க உத்தரவுகளை ரகசியமாக வைக்க 2009-ம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. காரணம் எழுத்தில் பதிவாகும், பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பித்தான் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை நிலைக்கவிட்டது. பதிவு செய்த காரணத்தைப் பாதிக்கப்பட்டவரின் கையில் கொடுக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு யாருக்கு?

ட்ரம்ப் திரும்பி வந்த விதத்தையும் பார்த்துவிட வேண்டும். 2022 நவம்பரில் ட்விட்டரின் புதிய உரிமையாளர் ஈலான் மஸ்க் தன் கணக்கில் ஒரு வாக்கெடுப்பு வைத்தார். ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன; 51.8 சதவீதம் ஆதரவு என்று சொல்லி முடக்கத்தை நீக்கினார். ‘நிரந்தரம்’ இரண்டு ஆண்டுகூட நிற்கவில்லை. தன்னை முடக்கியதை எதிர்த்து ட்ரம்ப் தொடுத்த வழக்குகளில் ட்விட்டருக்கு எதிரானதை 2022 மே மாதமே நீதிமன்றம் தள்ளுபடி செய்திருந்தது. நிறுவனம் ஜெயித்த வழக்கு அது. 2025 ஜனவரியில் அவர் மறுபடி ஜனாதிபதியானார். அதே மாதம் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2.5 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது, அதில் 2.2 கோடி அவருடைய பெயரில் அமையும் நூலகத்துக்கு. அடுத்த மாதம், ஜெயித்த வழக்கையும் சுமார் ஒரு கோடி டாலர் கொடுத்து ட்விட்டர் முடித்துக்கொண்டதாகச் செய்தி வந்தது.