களைப்புக்கு எத்தனை சதவீதம்?

புது தில்லி: மாற்றுத்திறனாளிகள் உரிமை மசோதா 2016 டிசம்பர் 14-ல் மாநிலங்களவையிலும், இரு நாள்களுக்குப் பின் மக்களவையிலும் நிறைவேறியது. 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாடுகளின் பட்டியல் 21 ஆக நீண்டது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய், பார்க்கின்சன் நோய், தலசீமியா உள்ளிட்ட நாள்பட்ட நோய்களும் அதில் இடம்பெற்றன.

எனினும், பட்டியலில் நோயின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. உயர்கல்வியில் 5 சதவீத இடஒதுக்கீடு போன்ற சலுகைகளைப் பெற, குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்று வேண்டும். அந்தச் சதவீதத்தை எதைக் கொண்டு கணக்கிடுவது என்பதில்தான் சிக்கல்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளில் பெரும்பாலோரை வாட்டுவது கடும் களைப்பு. வெப்பம் கூடினால் அது மேலும் கூடும். காலையில் மருத்துவர் முன் தடுமாறாமல் நடப்பவர், பிற்பகலில் சமைக்கவோ கோப்பைப் படிக்கவோ இயலாமல் சோர்ந்துவிடலாம். நரம்பியல் மருத்துவர்கள் உலகெங்கும் இந்நோய்க்குப் பயன்படுத்தும் 0 முதல் 10 வரையிலான அளவுகோலிலோ, 4-க்கு மேல் மதிப்பெண்ணைப் பெரிதும் தீர்மானிப்பது நடக்கும் தூரமே.

களைப்பை அளக்க வழியில்லை என்று கூற முடியாது. 1989-ல் வெளியான களைப்புத் தீவிர அளவுகோலில் 9 வாக்கியங்கள் உள்ளன. கடந்த ஒரு வாரத்தில் களைப்பு தமது வேலையையும் குடும்ப வாழ்வையும் எவ்வளவு பாதித்தது என்பதற்கு நோயாளி 1 முதல் 7 வரை மதிப்பெண் இடுகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் 36 கேள்விகள் கொண்ட படிவம், கடந்த 30 நாள்களின் அன்றாடச் செயல்பாட்டைக் கேட்டறிகிறது.

நோயாளியின் வாய்மொழியை நம்பிச் சான்று வழங்கினால் போலிகள் பெருகும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால், மனநோய்க்கு இத்தகைய முறையை 2002-லேயே மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. இந்திய மனநல மருத்துவர்கள் சங்கம் உருவாக்கிய அந்த அளவுகோல், தன்னைப் பேணுதல், பிறருடன் பழகுதல், உரையாடிப் புரிந்துகொள்ளுதல், வேலை ஆகியவற்றை நோயாளியிடமும் உடனிருப்போரிடமும் விசாரித்தே மதிப்பிடுகிறது. மனநோய்க்குப் பொருந்தும் நியாயம் களைப்புக்குப் பொருந்தாதா?

சமூகத்தில் பிறருக்குச் சமமாகப் பங்கேற்பதற்கு ஏற்படும் தடையையே குறைபாட்டின் இலக்கணமாக 2016-ம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. நோய் உறுதியான ஒருவரின் களைப்பையும் பல வாரங்கள் பதிவு செய்து கணக்கில் கொள்வதே அந்த இலக்கணத்துக்குப் பொருத்தமாகும். சான்று வழங்கும் நெறிமுறைகள் 2018-ல் வெளியாகி, 2024-ல் திருத்தப்பட்டன. இதற்கு நாடாளுமன்றத்தில் புதிய சட்டம் தேவையில்லை. அமைச்சகத்தின் ஓர் அறிவிக்கை போதும்.