திரும்பி வராத கேணல்

இரவு வேலை இடைவேளையில் தேத்தண்ணி குடித்தபடி நாங்கள் பேசிக்கொண்ட கதை இது. இதன் தொடக்கம் எங்கள் திருகோணமலையில் இருக்கிறது.

பேர்சி போசெற் என்ற ஆங்கிலேயர் 1886இல் பீரங்கிப் படை அதிகாரியாக அங்கே வந்தார். கண்டி அரசர்களின் புதையலைத் தேடினார், கிடைக்கவில்லை. மனைவி நீனாவைச் சந்தித்ததும் இலங்கையில்தான்.

பின்னர் தென்னமெரிக்காவில் எல்லை அளக்கப் போனவர், பிறேசில் காட்டுக்குள் அழிந்த நகரமொன்று இருப்பதாக நம்பி, அதற்கு 'இசட்' என்று பெயர் வைத்தார். 1925இல் மூத்த மகன் ஜாக்கையும் அவனுடைய நண்பனையும் கூட்டிக்கொண்டு போனார். மே 29ஆம் திகதி எழுதியதே கடைசிக் கடிதம். மூவரும் திரும்பவில்லை. தேடிப் போனவர்களிலும் சிலர் திரும்பவில்லை.

2003இல் ஆய்வாளர்கள் அங்கே சிங்கு ஆற்றின் மேற்பகுதியில் அகன்ற வீதிகளும் அகழிகளும் கொண்ட பழைய ஊர்களின் தடங்களை வெளியிட்டார்கள். அவற்றைக் கட்டியவர்களின் வழிவந்த குயிக்குரோ மக்கள் இன்றும் அங்கேதான் வாழ்கிறார்கள். அவர்களுக்கு அது தொலைந்த இடமே அல்ல.

நீனா 1954இல் இறக்கும்வரை கணவனையும் மகனையும் எதிர்பார்த்திருந்தார். கடிதம் வராத வீடுகள் எங்களுக்குள்ளும் உண்டு, வாசகர்களே. கதை முடிந்து மணி அடிக்கும்வரை நாங்கள் நீனாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.