சூளையில்லாச் செங்கல்

கிராமவாசி ஒருவர் தம் ஆயுளில் செய்யும் செலவுகளில் வீடு கட்டும் செலவே பெரும்பாலும் முதன்மையானது. இதன்பொருட்டு வாங்கிய கடன் தகப்பன் காலத்தில் தீராமல் மகன் தலையில் விழுவதும் உண்டு. அச்செலவில் கணிசமான பாகம் சுவருக்கு வேண்டிய செங்கல்லுக்குப் போகிறது. நஷ்டமோ பணத்தோடு நிற்பதில்லை. விளைநிலத்தின் மேல்மண் வெட்டியெடுக்கப்படுகிறது. விறகிட்டுச் சுடும் சூளைகளுக்கு மரங்கள் இரையாகின்றன. மேல்மண்ணை இழந்த வயல் பழைய விளைவைத் தர நெடுங்காலம் செல்லும். ஆகவே, சுடாமலே உறுதியான கல் செய்யும் முறையை ஒவ்வொரு சங்க அங்கத்தினரும் அறிந்திருத்தல் நலம்.

முறையின் தத்துவம்

மண்ணால் வீடு கட்டுவது நம் முன்னோர்க்குப் புதிதன்று. மண் சுவரின் குறை யாதெனில், மழைநீர் பட்டால் களிமண் இளகிக் கரைவதேயாம். இக்குறையை இரண்டு செய்கைகள் நீக்குகின்றன. முதலாவது, சற்றே ஈரமான மண்ணை இரும்பு அச்சில் இட்டு யந்திரத்தால் அழுத்துதல். இதனால் மண்ணிலுள்ள காற்றிடம் குறைந்து கல் நெருக்கமாகிறது. இரண்டாவது, மண்ணுடன் சிறிதளவு சிமிண்டு சேர்த்தல்; அது நீரோடு கூடி இறுகி, மணலைப் பிணைத்து நிறுத்துவதால், நனைந்தாலும் கல் கரைவதில்லை. சூளை நெருப்பு செய்யும் வேலையை இங்கே அழுத்தமும் சிமிண்டும் செய்கின்றன.

கையால் இயக்கும் இத்தகைய யந்திரம் கொலம்பியா தேசத்தில் 1950-களில் ரவுல் ராமிரெஸ் என்னும் எஞ்சினீயரால் அமைக்கப்பட்டது. நம் தேசத்தில், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1974-ல் தொடங்கப்பெற்ற ‘அஸ்த்ரா’ என்னும் கிராமத் தொழில்நுட்ப அமைப்பு இதனை ஆராய்ந்து பரப்பிற்று. விழுப்புரம் ஜில்லாவைச் சேர்ந்த ஆரோவில்லில் பல கட்டடங்கள் இக்கல்லால் எழும்பியுள்ளன. அங்குள்ள மண் கட்டடக் கழகத்தாரின் கணக்குப்படி, நாட்டுச் செங்கல்லுக்குச் செலவாகும் எரிசக்தியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே இதற்குப் போதுமானது. சிமிண்டும் சுடப்பட்ட பொருளே எனினும், அது சேரும் அளவு சொற்பமாதலால் இவ்வளவு மிச்சம் ஏற்படுகிறது.

மண்ணைப் பரீட்சித்தல்

எல்லா மண்ணும் இதற்கு ஏற்றதன்று. இலை, வேர், எரு கலந்த மேல்மண்ணை ஒதுக்கி வயலிலேயே விட்டுவிட்டு, அடிமண்ணையே எடுக்க வேண்டும். 100 பங்கு மண்ணில் சரளை 15, மணல் 50, வண்டல் 15, களிமண் 20 என்ற அளவை ஒட்டியிருப்பது உத்தமம்.

இதனைக் காண எளிய வழிகள் உண்டு. கண்ணாடிப் பாத்திரத்தில் கால் பாகம் மண்ணும் மேலே நீரும் இட்டு, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து, நன்றாகக் குலுக்கி வைத்தால், சரளையும் மணலும் முதலிலும், வண்டல் பின்னரும், களிமண் கடைசியிலும் படியும். அடுக்குகளின் கனத்தை அளந்து பங்கைக் கணிக்கலாம். மேலும், பிசைந்த மண்ணைப் பெருவிரல் பருமனுள்ள திரியாக உருட்டி, பலகை விளிம்பிற்கு வெளியே மெல்லத் தள்ள வேண்டும். 5 சென்டிமீட்டருக்குள் ஒடிந்தால் மணல் மிகுதி; 15-க்கு மேல் நீண்டால் களி மிகுதி. களி மிகுந்த மண்ணுக்கு மணல் கலக்கலாம். கரிசல் போன்ற மண்ணுக்குச் சிமிண்டைவிடச் சுண்ணாம்பே பொருந்தும்.

செய்முறை விதிகள்

1. மண்ணைச் சலித்து, எடையில் 100-க்கு 5 பங்கு சிமிண்டை உலர்ந்த நிலையிலேயே ஒரே நிறமாகும்வரை கலக்க வேண்டும்.

2. பின்பு நீர் தெளித்துக் கலந்து, ஒரு பிடியை உருண்டையாக்கி மார்பளவு உயரத்திலிருந்து போட்டுப் பார்க்க வேண்டும். நாலைந்து துண்டுகளாக உடைந்தால் ஈரம் சரி, தூளானால் போதாது, உடையாமல் அப்பிக்கொண்டால் அதிகம்.

3. நீர் சேர்த்த கலவையை அரை மணிக்குள் அழுத்தி முடித்தல் வேண்டும். ஆதலால் சிறிது சிறிதாகவே கலக்குக.

4. கல்லை நிழலில் அடுக்கி மூடி, 28 நாள் ஈரம் உலராமல் காக்க வேண்டும். இந்த விதியே முக்கியம். நாலு நாள் நீர் தெளித்து நிறுத்திவிட்டால் சிமிண்டு இறுகாது. போட்ட பணமெல்லாம் முதல் மழையோடு போகும்.

5. சுவரின் அடி கருங்கல்லின்மேல் தரைமட்டத்திற்கு உயர்ந்தும், கூரை இறவாணம் சுவருக்கு வெளியே நன்கு நீண்டும் இருத்தல் வேண்டும்.

செலவுக் கணக்கு

24 சென்டிமீட்டர் நீளமும் அதே அகலமும் 9 சென்டிமீட்டர் கனமும் உள்ள கல் சுமார் 10 கிலோ எடையிருக்கும். அதில் அரைக் கிலோ சிமிண்டு. எனவே 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஏறக்குறைய 100 கல் ஆகும். அவ்வொரு கல் சாதாரண நாட்டுச் செங்கல் மூன்றின் இடத்தை அடைக்கும். அஸ்திவாரக் குழியிலும் கிணற்றிலும் எடுத்த மண்ணே பயன்படுமாயின் வண்டிச் சத்தமும் மிச்சம். எஞ்சுவது ஆள் கூலி. அதுவும் ஊராருக்கே சேரும்.

சங்கம் செய்யத்தக்கது

யந்திரத்தைத் தனி மனிதர் வாங்குவது லாபகரமன்று. ஒரு வீடு முடிந்தபின் அது துருவேறிக் கிடக்கும். சங்கமோ அதனை வாங்கி, அங்கத்தினருக்கு முறை வைத்து வாடகைக்கு விடலாம். மண் பரீட்சையிலும் நீர் காத்தலிலும் பழகிய இரண்டொருவர் சங்கத்தில் இருப்பது யந்திரத்தினும் முக்கியம்.

மண் பொருந்தாத ஊரார்க்கும் சிக்கன வழி உண்டு. கேரளத்தில் லாரி பேக்கர் என்னும் சிற்பி பரப்பிய ‘எலிப்பொறிக் கட்டு’ முறையில், சுட்ட செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவதால், நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகிறது. வெயிலின் சூடும் உள்ளே குறைகிறது.

புது முறையை ஊர் முழுதும் ஒரே நாளில் ஏற்க வேண்டுவதில்லை. முதலில் சங்கக் கட்டடத்தின் ஒரு சுவரையோ, கிடங்கு ஒன்றையோ இவ்வாறு கட்டி, இரண்டு மழைக்காலம் பார்க்கலாம். கண்ணாற் கண்டபின் அங்கத்தினர் தம் கைப்பணத்தை இறக்குவதே விவேகம்.