பழைய வீடு, புது விருந்தாளி – 9: பேபிலோன்ஸ்டோரன்

பழைய வீட்டைப் புதுப்பிக்கப் புறப்பட்டால், எந்த வருஷத்துக்குத் திரும்பிப் போவது என்பதுதான் முதல் தலைவலி. தாத்தா கட்டிய திண்ணையை இடித்துவிட்டு அப்பா கிரில் கேட் போட்டிருப்பார். எதை வைத்துக்கொள்வது, எதைப் பெயர்த்தெறிவது? தென்னாப்பிரிக்காவில் பணமும் ரசனையும் சேர்ந்து வாய்த்த ஒரு தம்பதி இதற்குச் சொன்ன பதில், பேபிலோன்ஸ்டோரன் என்ற ஒயின் பண்ணை.

கேப்டவுனிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பார்ல், ஃப்ரான்ஷுக் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே, சைமன்ஸ்பெர்க் மலையடிவாரத்தில் இருக்கிறது. டச்சு கவர்னர் சைமன் வான் டெர் ஸ்டெல் 1692-ல் குடியேறிய ஒருவருக்கு எழுதிக்கொடுத்த நிலம். பெரிய வீடு 1777-ஐச் சேர்ந்தது. 2007-ல் கூஸ் பெக்கரும் அவர் மனைவி கேரன் ரூஸும் பண்ணையை வாங்கினார்கள். கேரன் வீட்டலங்காரப் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். கூஸ் நடத்திய நாஸ்பர்ஸ் நிறுவனம், 2001-ல் டென்சென்ட் என்ற குட்டிச் சீன இணைய அரட்டைக் கம்பெனியில் மூன்று கோடி டாலர் சொச்சம் போட்டது. அது ஆயிரக்கணக்கான மடங்கு பெருகியது. சீனர்கள் அரட்டையடித்த காசில் கொஞ்சம் இந்தத் திராட்சைக் கொடிகளுக்கும் பாய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இவர்கள் டச்சுக்காரர்கள் காலத்துக்கே திரும்பினார்கள். தடித்த வெள்ளைச் சுவர், வளைந்து நெளியும் கூரை முகப்பு எல்லாம் அப்படியே. விருந்தினர் தங்கும் குடில்கள் சிலவற்றில் சமையலறையை மட்டும் கண்ணாடிப் பெட்டியாகச் செய்து பக்கத்தில் ஒட்டவைத்திருக்கிறார்கள். பழசைப் போலவே போலி செய்யாமல், புதுசு புதுசாகத் தெரியட்டும் என்று விட்டது எனக்குப் பிடித்த துணிச்சல்.

ஆனால் ஊரெல்லாம் பேசுவது தோட்டத்தைப் பற்றித்தான். பிரெஞ்சுக்காரரான பத்ரீஸ் தராவெல்லா வடிவமைத்தது. சுமார் எட்டு ஏக்கர். முந்நூறுக்கும் மேற்பட்ட வகைச் செடிகள், எல்லாம் தின்னவோ மருந்துக்கோ ஆகிறவை. சில பாதைகளில் ஜல்லிக்குப் பதில் பீச் பழக்கொட்டை. நடந்தால் காலடியில் நறநறக்கும். சாமந்தி இனத்துச் சீமைச் செடியான கெமோமைலைப் புல்தரைபோல் வளர்த்து, வெறுங்காலோடு நடக்க விட்டிருக்கிறார்கள். தங்குகிறவர்கள் கூடையோடு போய்த் தாங்களே பறித்துவரலாம். பழைய மாட்டுத்தொழுவம் இப்போது பேபல் என்ற உணவகம். அங்கே சாலட்டை நிறம் சொல்லித்தான் கேட்க வேண்டும்: சிவப்பு, மஞ்சள், பச்சை.

தோட்டத்துக்கு முன்மாதிரி, 1652-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கேப்டவுனில் போட்ட காய்கறித் தோட்டம். மாதக்கணக்கில் கடலில் கிடந்து ஈறு வீங்கிச் சாகும் மாலுமிகளுக்குக் கீரையும் பழமும் கொடுக்க ஏற்பட்டது அது. அந்தக் கப்பல்களில் சில நம் பழவேற்காட்டுக்கும் வந்தன. சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களுக்கு அங்கே ஒரு கோட்டை இருந்தது. திரும்பும்போது துணி மட்டும் போகவில்லை, ஆட்களும் போனார்கள். கேப் ஆவணங்களில் அடிமைகளின் பெயரோடு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும்: வங்காளம், மலபார், சோழமண்டலம். ‘பழவேற்காட்டுப் பெரிய கத்ரின்’ என்று ஒருத்தி உண்டு. இன்றைய ஜகார்த்தாவான பத்தேவியாவில் தண்டனை பெற்று 1657-ல் கேப்புக்கு நாடுகடத்தப்பட்டவள். அங்கே துணி வெளுத்தாள்.

அந்த நாட்டில் ஒயின் தொழில் அடிமைகளின் முதுகில்தான் வளர்ந்தது. 1834-ல் அடிமைமுறை ஒழிந்த பிறகும், கூலியில் ஒரு பங்கை மட்ட ஒயினாக ஊற்றிக்கொடுக்கும் ‘டொப்’ வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் கடைசிவரை அங்கங்கே ஓடியது. தாய் குடித்ததால் கருவிலேயே பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதத்தில் மேற்குக் கேப் மாகாணம் உலகிலேயே முன்வரிசையில் நிற்கிறது. வெள்ளைச் சுவர் எத்தனை அழகாக இருந்தாலும், 1777-க்குத் திரும்புகிறவர் இதற்கும் சேர்த்துத்தான் திரும்புகிறார்.

ஃப்ரான்ஷுக் பக்கம் சோல்ம்ஸ்-டெல்டா என்ற பண்ணையில் மார்க் சோல்ம்ஸ் வேறு வழியில் போனார். நரம்பியல் அறிஞர். பண்ணையை வாங்கியதும் தொல்லியலாளர்களை வைத்து மண்ணைத் தோண்டவைத்தார். அங்கே உழைத்த அடிமைகளின் பெயர்களைக் கல்லில் பொறித்து அருங்காட்சியகம் அமைத்தார், பண்ணையாட்களுக்கும் பங்கு கொடுத்தார். கடன் சேர்ந்து கடைசியில் தொழில் நொடித்தது.

பேபிலோன்ஸ்டோரனுக்கு அந்தக் கவலை இல்லை. அதே தம்பதி இங்கிலாந்தின் சாமர்செட்டில் ஒரு பழைய எஸ்டேட்டையும் வாங்கி, 2019-ல் ‘தி நியூட்’ என்று திறந்துவிட்டார்கள். அங்கே ஆப்பிளும் சைடரும்தான் ராஜா. அடுத்த வாரம் அங்கே போவோம்.

(தொடரும்)